கூத்து பதிவு செய்ய நல்ல ஒலியுள்ள கேம்கார்டர் எது?

நண்பர்களுக்கு வணக்கம். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சித்தப்பா முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) வாசிக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வருகிற சித்திரையிலாவது அவர் வாசிப்பை ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும்.

போன முறை, யாரோ பயன்படுத்திய கேம்கார்டர் ஒன்றை வாங்கி எடுத்தேன். படம்கூடப் பரவாயில்லை, ஒலிதான் மனதை உடைத்துவிட்டது. மிருதங்கம் ஓங்கி ஒலித்ததும் கேமரா தானாகவே ஒலியளவைக் குறைத்துக்கொள்கிறது. அடி ஓய்ந்த பிறகு மெல்ல ஏற்றுகிறது. அந்த இடைவெளியில் முகவீணை அப்படியே அமுங்கிப்போகிறது. ஒலியளவை நாமே வைக்கும் வசதியும் அதில் இல்லை, வெளி மைக் செருக இடமும் இல்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. இருட்டுக் காட்சிகளில் ஒரே இடத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். லென்ஸை மூடிவிட்டு எடுத்தாலும் தெரிகின்றன, அதனால் சென்சார்தான் காரணம் என்று நினைக்கிறேன். இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை செலவு வீணா?

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. சோனி சிஎக்ஸ்405 பார்த்தேன், அதிலும் மைக் செருக முடியாது. 3.5 மி.மீ. மைக் துளை, ஹெட்போன் துளை இரண்டும் உள்ள மாடல் இந்த விலைக்குள் பழையதாகவாவது கிடைக்குமா? அல்லது ஒலியைத் தனி ரெக்கார்டரில் எடுத்து, அப்புறம் சேர்ப்பது நல்லதா? ஆறேழு மணி நேரப் பதிவில் படமும் ஒலியும் விலகிப்போகும் என்கிறார்களே, செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.