பத்மினி எஞ்சினுக்கு ரீபோரோடு ஸ்ட்ரோக்கையும் கூட்டலாமா?

வணக்கம். அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி, பெட்ரோல் வண்டி. நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குடிக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம், நாலு சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. ரீபோர் (சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைவது) செய்தே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை.

"எப்படியும் பிரிக்கிறோம், கிராங்க்கிலும் வேலை செய்து ஸ்ட்ரோக்கைக் கூட்டிவிடலாம், இழுவை வரும்" என்கிறார் மெக்கானிக். கிராங்க் என்பது பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டு, ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். அங்கேதான் தயங்குகிறேன். இந்த எஞ்சின் 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 1089 சிசி. அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கூடுவது 16 சிசிதான். ஸ்ட்ரோக்கில் 2 மி.மீ. கூட்டினால் இன்னும் சுமார் 29 சிசி கிடைக்கும். ஆனால் பிஸ்டன் 1 மி.மீ. மேலே ஏறும், கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) கூடும். அதற்கேற்ற பிஸ்டனுக்கோ கனெக்டிங் ராடுக்கோ (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது) எங்கே போவது?

இதே குடும்பத்து ஃபியட் 1200 எஞ்சின் 72 மி.மீ. போரில் 1221 சிசி. அதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. பத்மினி பிளாக்கை அந்த அளவுக்கு யாராவது குடைந்திருக்கிறீர்களா? சிலிண்டர் சுவர் தாங்கியதா, வெயிலில் சூடேறியதா?

ஸ்ட்ரோக் கூட்டி ஓட்டியவர்கள் செலவையும் சொல்லுங்கள். பிளாக் இன்னும் லேத்துக்குப் போகவில்லை. இந்த வண்டியை இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும்.