முடி கொட்டுதுன்னு சாப்பிட்ட மாத்திரை என் தைராய்டு ரிப்போர்ட்டையே மாத்திடுச்சு – உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

குரோம்பேட்டையிலிருந்து எழுதறேன். ஒன்பது வருஷமா தைராய்டு குறைவு. தினமும் விடியக்காலையில வெறும் வயித்துல 75 மைக்ரோகிராம் மாத்திரை. அது பல் தேய்க்கிற மாதிரி பழகிப்போச்சு. பழகாதது முடி கொட்டுறதுதான். சீப்புல இருக்கறதைச் சுருட்டினா எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை வரும்.

பீச் ட்ரெயின் லேடீஸ் கோச்சுல கூட வர்ற ஒருத்தங்க, "பயோட்டின் சாப்பிடுங்க, எனக்கு நின்னே போச்சு"ன்னாங்க. முடிக்கு, நகத்துக்குன்னு விக்கிற ஒரு வைட்டமின். வாங்கினேன். டப்பாவுல 10,000 மைக்ரோகிராம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தது. நம்பர் பெருசா இருக்கு, நல்லா வேலை செய்யும்னு ஒரு சந்தோஷம் வேற. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்னு ரொம்பப் பிற்பாடுதான் தெரிஞ்சுது.

மூணு மாசம் கழிச்சு வழக்கமான டெஸ்ட். தைராய்டைத் தூண்டற ஹார்மோன் டிஎஸ்எச் 0.08, ரொம்பக் குறைவு. தைராய்டு ஹார்மோன் ஃப்ரீ டி4 எல்லைக்கு மேல. "மாத்திரை அதிகமாயிடுச்சு போலிருக்கே. படபடப்பு இருக்கா? கை நடுங்குதா? எடை குறைஞ்சுதா?" டாக்டர் கேட்ட எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சொன்னேன். "வேற மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?" அதுக்கும் இல்லைன்னேன். மறைக்கணும்னு சொல்லல, சத்தியமா. பிபிக்குப் போடறது மருந்து, காய்ச்சலுக்குப் போடறது மருந்து. இது ஷாம்பூ, சீயக்காய் பக்கத்துல வைக்கிற சாமான்னுதான் என் மனசுல இருந்துது. 75ஐ 50 ஆக்கிட்டாங்க.

அப்புறம் வந்துது அக்னி நட்சத்திரம். ஊரே ஏசி இல்லாம தவிக்குது, நான் ஃபேனைக் குறைச்சுட்டு போர்வை தேடறேன். காலையில முகம் அதிரசம் மாதிரி உப்பியிருக்கும். பல்லாவரம் தாண்டறதுக்குள்ள ட்ரெயின்ல தூங்கிடுவேன், ஒருநாள் எக்மோர் வரைக்கும் போயிட்டேன், என் ஆபீஸ் கிண்டியில. முடி? முன்னைவிட அதிகமா கொட்டுச்சு.

முடிச்சை அவிழ்த்தது வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன். ஊசியைக் குத்தறதுக்கு முன்னாடி, "மேடம், முடிக்கு நகத்துக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டான். ஃபாரத்துல அப்படி ஒரு கேள்வி இருக்காம். டப்பாவைக் காட்டினேன். "இன்னைக்கு எடுக்க வேண்டாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுங்க"ன்னு டியூபைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். அவன் நல்லா இருக்கணும். டாக்டர்கிட்ட சொல்லி, ஒரு வாரம் நிறுத்தி எடுத்தா டிஎஸ்எச் 14, அதாவது 50 பத்தல.

விஷயம் இதுதான். சில லேப் மெஷின்கள்ல ஹார்மோனைப் பிடிச்சு அளக்கறதுக்குப் பயோட்டினையே ஒட்டுப் பசை மாதிரி பயன்படுத்தறாங்க. நம்ம ரத்தத்துலயும் அது நிரம்பியிருந்தா கணக்கு பிசகிடும். டிஎஸ்எச் குறைவா, டி4 அதிகமா, அச்சு அசலா ஓவர்டோஸ் மாதிரியே காட்டும். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிக்கை விட்டிருக்கு. தைராய்டு டெஸ்டுக்குக் குறைஞ்சது இரண்டு நாள் முன்னாடி நிறுத்தணும்னு சொல்றாங்க. ஆக எனக்கு வந்த பக்க விளைவு உடம்புல வரல, காகிதத்துல வந்துது. அதைச் சரிபண்ணப் போய்த்தான் உடம்பு கெட்டுது.

இப்போ இரும்புச் சத்து மாத்திரை மட்டும் சாப்பிடறேன், உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டற ஃபெரிட்டின் 9ன்னு குறைவா வந்ததால டாக்டர் எழுதினது. வயித்தைக் கட்டுது, மலம் கறுப்பா போகுது. தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேற, ஃபில்டர் காபிக்குக்கூட ஒரு மணி நேரம் காத்திருக்கணும். இவ்வளவு தொல்லை இருந்தும் இதை விட மாட்டேன், ஏன் சாப்பிடறேன்னு ஒரு நம்பர் இருக்கு. பயோட்டினுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. உங்களுக்கெல்லாம் எப்படி?

பெரம்பூர்:
அக்கா, எங்க வீட்டுல மஞ்சள். அம்மாவுக்கு முடக்குவாதம், அதுக்கு ஞாயித்துக்கிழமை தோறும் மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அமெரிக்காவுல இருந்து வந்த சித்தி மஞ்சள் கேப்சூல் மூணு பாட்டில் கொடுத்துட்டுப் போனாங்க, மிளகு சத்து சேர்த்தது. "மஞ்சள்தானேடா, ரசத்துல போடறது"ன்னு அம்மா. நானும் சரின்னுட்டேன். நாலாவது மாசம் ஈரல் டெஸ்ட்டுல எஸ்ஜிபிடி 212. முந்தைய ரிப்போர்ட்ல 30 சொச்சம்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சமையல் மஞ்சள்ல அதோட சத்தான குர்குமின் நூத்துக்கு மூணு பங்கு போலத்தான். அந்த ஒரு கேப்சூல்ல 475 மில்லிகிராம். கிட்டத்தட்ட 15 கிராம் மஞ்சள்தூளை ஒரே வாயில போடற மாதிரி. மிளகோட பைப்பரின் அதை உடம்பு வெளியேத்த விடாம உள்ளேயே நிறுத்தும். எந்த வீட்டு ரசத்துல இப்படிப் போடறாங்க?

டாக்டர் இரண்டையுமே நிறுத்திட்டார். ஆறு வாரத்துல ஈரல் கணக்கு இறங்கிடுச்சு, ஆனா அந்த ஆறு வாரமும் அம்மாவால இட்லித் துணியைப் பிழிய முடியல, விரல் கணு கணுவா வீங்கிடுச்சு. மீத்தோட்ரெக்ஸேட்டும் ஈரலைத் தொடற மருந்துதான். அதனால மஞ்சள்தான் செஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். திரும்ப மீத்தோட்ரெக்ஸேட் மட்டும் ஆரம்பிச்சோம், இதுவரைக்கும் ஏறல. சித்திகிட்ட இன்னும் சொல்லல.

வில்லிவாக்கம்:
வாரம் ஒண்ணு போட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை அப்பா தினம் ஒண்ணா ஒன்றரை மாசம் பால்ல கலக்கிக் குடிச்சிருக்கார். தாகம், அடிக்கடி பாத்ரூம், பேச்சுல குழப்பம். சுகர்காரர் ஆச்சே, சுகர்தான் ஏறிடுச்சுன்னு நாங்க சோத்தைக் குறைச்சுக்கிட்டே இருந்தோம். கடைசியில பார்த்தா வைட்டமின் டி அதிகமாகி ரத்தத்துல கால்சியம் 13.4, ரொம்ப அதிகம். நாலு நாள் அட்மிஷன், சலைன். சீட்டுல எழுதினது கோழிக் கிறுக்கல்தான், ஆனா படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்காதது எங்க தப்பு.

மயிலாப்பூர்:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வயது 67, 14 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சுத்த சைவம். சத்து மாத்திரைகள் எல்லாம் வியாபாரம் என்று யாரோ அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த பி12ஐ நானே நிறுத்தினேன். இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வடக்கு மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன். பின்னால் வந்த பூக்கார அம்மா, "ஐயா, செருப்பு அங்கேயே கிடக்குது பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். எவ்வளவு தூரம் அப்படி நடந்தேனோ!

பி12 அளவு 128, குறைவு. அதனால்தான் கால் மரத்துப் போயிருந்தது. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவ உணவில் வருவதே பால், தயிரிலிருந்து கொஞ்சம்தான். ஊசி போட்டு இப்போது எரிச்சல் குறைந்திருக்கிறது. மரத்துப் போனது முழுதும் திரும்பவில்லை. நிறுத்துவதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்பதை என் கால் கற்றுக்கொண்டது.

குரோம்பேட்டை:
மயிலாப்பூர் ஐயா, செருப்பு கதையை எங்க மாமனார்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவரும் மெட்ஃபார்மின்தான். நாளைக்கே டெஸ்ட்டாம்.

பெரம்பூர் தம்பி, உங்க பாட்டில் அமெரிக்காவுலருந்து வந்தது, இங்க வாங்கற டப்பான்னா பின்பக்கம் பாருங்க. இந்தியாவுல விக்கிற சத்து மாத்திரைன்னா "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ங்கற அர்த்தத்துல ஆங்கிலத்துல ஒரு வரி போட்டே ஆகணும். என் டப்பாவுலயும் இருந்துது, எறும்பு சைஸ்ல. பக்க விளைவுன்னு சந்தேகம் வந்தா மத்திய அரசோட மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நாமளே புகார் கொடுக்கலாம், 1800-180-3024, காசில்லாத போன். தமிழ்லயும் ஃபாரம் இருக்கு.

நான் இப்போ போன்ல ஒரு ஆல்பம் வச்சிருக்கேன், வீட்டுல இருக்கற எல்லா டப்பாவும் முன்பக்கம், பின்பக்கம். டாக்டர் "வேற ஏதாவது?"ன்னு கேட்டா அதை நீட்டிடுவேன். போன தடவை அவர் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "இதென்னம்மா, பெருங்காயமா?"ன்னார். ஆமா, அதையும் எடுத்துட்டேன்.

முடி இன்னும் கொட்டுது. உருண்டை இப்போ நெல்லிக்காய் அளவு.