நுவரெலியாவில் வாங்கிய ஹைட்ரேஞ்சியா கொழும்பில் மீண்டும் பூக்கவில்லை: உதவி தேவை

தோட்டப்பிரியை (வெள்ளவத்தை): நீலக் கொத்துகளுடன் வாங்கிவந்த செடி, அவை வாடியபின் மொட்டே வைக்கவில்லை. நண்பகலில் இலைகளும் துவண்டுவிடுகின்றன. எந்தப் பசளை இட வேண்டும் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

தெஹிவளைத் தம்பி: அக்கா, செடி சாடியிலா, நிலத்திலா? எந்த நேரத்து வெயில் படுகிறது? கிளைகளைக் கத்தரித்தீர்களா? பெரிய இலை வகை பழைய தண்டின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதை வெட்டினால் பூவும் போய்விடும்.

மலைநாட்டான்: குறை பசளையில் இல்லை. மொட்டு உருவாவதற்கு ஏறத்தாழ 18 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இயல்பாகக் கிடைக்கும் அக்குளிர், இரவிலும் வெப்பம் தணியாத கொழும்பில் கிடைப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் செடியை மலைநாட்டில் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மூத்த உறுப்பினர்: இதே கேள்விக்கு முன்பே பதில் எழுதியிருக்கிறேன், புதியவர்கள் தேடிப் படிப்பதில்லை. சீனக்காரத்தைக் கரைத்து ஊற்றினால் நீலம் தானாக வரும்.

தெஹிவளைத் தம்பி: ஐயா, அக்கா கேட்டது பூவைப் பற்றி, நிறத்தைப் பற்றியல்ல.

கொட்டாஞ்சேனை வாசகர்: சீனக்காரம் எதற்கு? துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தாலே நீலம் வரும் என்று எங்கள் அப்பா சொல்வார்.

மலைநாட்டான்: நீலத்தைத் தருவது இரும்பு அல்ல, அலுமினியம். மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5 அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால்தான் வேர் அதை எளிதில் உறிஞ்சும். பொஸ்பரஸ் மிகுந்த பசளை அதைத் தடுத்துவிடும். ஆகவே அலுமினியம் அடங்கிய சீனக்காரம் பயன்படும் என்பதில் மூத்தவர் சொல்வது சரி, ஆனால் அளவு மிஞ்சினால் வேர் கருகும், வெள்ளைப் பூ வகையோ எதை ஊற்றினாலும் நீலமாகாது.

மூத்த உறுப்பினர்: அளவைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். வினவியவர் எங்கே?

தோட்டப்பிரியை: சீமெந்துச் சாடி, மேற்குப் பல்கனி, கத்தரிக்கவில்லை.

தெஹிவளைத் தம்பி: பிற்பகல் வெயிலில் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுசெய்ய இயலாது. காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மாலையில் இலை தானாக நிமிர்ந்தால் மேலும் நீர் ஊற்றாமல், விரலால் மண்ணின் ஈரத்தைப் பார்த்தபின் ஊற்றுங்கள். சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும் என்பதால், மண்சாடியே நல்லது.

தோட்டப்பிரியை: கிழக்குப் பக்கம் மாற்றியபின் இலைகள் துவளவில்லை. மொட்டு இன்னும் இல்லை. மார்கழியில் நுவரெலியாவிலுள்ள சித்தி வீட்டுக்கு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.