கம்மின்ஸ் 5.9 எஞ்சின்: ஓட்டியவர்களும் பிரித்தவர்களும் எழுதுங்கள்

சங்ககிரி லாரிக்காரர்

டாடா லாரியில் வந்த கம்மின்ஸ் 5.9 எஞ்சினைச் சாகாவரம் பெற்றது என்பார்கள் சிலர். ஒருமுறை போனால் பிளாக்கோடு போய்விடும் என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் கேள்விப்பட்டதுதான் அதிகம். ஆகவே கையால் தொட்டதை மட்டும் எழுதும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இது 1980களின் தொடக்கத்தில், கேஸ் (Case) என்ற டிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து அமெரிக்காவில் கம்மின்ஸ் உருவாக்கிய பி வரிசை எஞ்சின். இங்கே 1993இல் அமைந்த டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மி.மீ., கொள்ளளவு 5,883 சி.சி. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். சிலிண்டருக்கு இரண்டே வால்வு, புஷ்ராடு தூக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயினும் கிடையாது. கிராங்கில் இருந்து, வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் டீசல் பம்புக்கும் பல்சக்கரம் மூலமாகவே ஓட்டம் போகிறது. அறுந்து நடுவழியில் நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை.

எங்கள் வண்டி சிமென்ட் லோடு ஏற்றிக் கேரளம் போய் வந்தது. ஹெட்டைத் திறக்காமல் ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. அதற்குப் பிறகு மீட்டர் நின்றுவிட்டதால் கணக்கு இல்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விசேஷமாக எதுவும் செய்யவில்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றினோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பெட் (வால்வுக்கு மேலே விடும் இடைவெளி) பார்த்தோம்: இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்காமல் காதால் கேட்டே டேப்பெட் வைக்கும் மெக்கானிக்குகளை நான் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பீளமேடு லேத்

வண்டி ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. பிரித்துக் கொண்டுவந்து போட்ட பிளாக்குகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

'பிளாக்கோடு போய்விடும்' என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறேன். இந்த எஞ்சினுக்கு லைனர், அதாவது பிஸ்டன் ஓடத் தனியாக இறக்கும் குழாய், கிடையாது. பிஸ்டன் நேராகப் பிளாக்கின் இரும்பிலேயே ஓடுகிறது. லைனர் உள்ள எஞ்சின் என்றால் பட்டறையிலேயே பழையதை இழுத்து எடுத்துவிட்டுப் புதியதை இறக்கிவிடலாம். இதில் போர் தேய்ந்துவிட்டால் பிளாக் லேத்துக்கு வந்தே ஆகவேண்டும். அந்த அலைச்சலைப் பார்த்துத்தான் 'இது தூக்கிப்போடும் எஞ்சின்' என்று பேர் வைத்துவிட்டார்கள். உண்மை அப்படி இல்லை. முதல் தேய்மானத்துக்குப் போரைக் கடைந்து 0.50 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன், அடுத்ததற்கு 1.00 மி.மீ. அதுவும் தீர்ந்தால் ஸ்லீவ் (தனி இரும்புக் குழாய்) அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். ஒரு பிளாக்குக்கு இத்தனை பிறவி போதாதா?

எங்கள் தொழில்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சிலிண்டரில் கோடு விழுந்திருக்கும். அளந்துகூடப் பார்க்காமல் ஆறுக்கும் ஸ்லீவ் அடித்துப் பில் போடுகிறார்கள். போர் கேஜ் வைத்து அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். தேய்மானத்தின் முகத்தைப் பார்த்தே காரணத்தையும் சொல்லிவிடலாம். ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல மேல் ரிங் ஓடும் இடத்தில் மங்கலாகத் தேய்ந்திருந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. ஒரே சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அதற்கு டீசல் தெளிக்கும் நாசிலைப் பாருங்கள். பொடியாகத் தெளிக்க வேண்டியது ஒழுகியிருக்கும். ஒழுகும் டீசல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், ரிங் காய்ந்த இரும்பில் உரசும்.

நான் பார்த்த பிளாக்குகளில் பெரும்பாலானவை தூசியால் வந்தவை.

திருச்செங்கோடு ரிக்

லேத்காரர் சொன்ன தூசிக்குச் சாட்சி நான்தான். எங்கள் போர்வெல் ரிக்கோடு பைப், டீசல் பேரல், சமையல் சாமான் எல்லாம் ஏற்றிப் போகும் சப்போர்ட் லாரியில் இந்த எஞ்சின் இருந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பாயிண்ட் பாயிண்டாக நகர்ந்துகொண்டே இருப்போம். கல் மாவு பறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்கும். சாப்பாட்டிலேயே மாவு விழும்போது எஞ்சினை என்ன சொல்வது?

அதைவிடப் பெரிய வினை எங்கள் பையன்கள் செய்த சுத்தம். ரிக்கில் காற்றுக்குப் பஞ்சமில்லையே! பாறையைத் துளைத்து மாவை மேலே தள்ளுகிற காற்றை ஏர் ஃபில்டரின் காகிதத்தில் அடித்தால் என்ன ஆகும்? பார்வைக்குப் புதிது போல வெளுத்துவிடும். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைகள் தெரியும். ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான். இழுவை குறைந்தது, ஆயில் குடிக்க ஆரம்பித்தது, பேக் கம்ப்ரஷன் அடித்தது, அதாவது ரிங்கைத் தாண்டிப் புகை கீழே இறங்கியது. எஞ்சினைப் பிரித்தபோது, லேத்காரர் எழுதியிருக்கிறாரே, ஆறும் ஒன்றுபோல மங்கல், அதே முகம்தான்.

இப்போது காற்றடிப்பதையே நிறுத்திவிட்டோம். அடைப்புக் காட்டியில் சிவப்பு வந்தால் ஃபில்டரை மாற்றுவதோடு சரி. அதுவரை மூடியைத் திறப்பதில்லை, திறக்கத் திறக்கத்தான் தூசி உள்ளே விழுகிறது. ஃபில்டருக்கும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துவது லாபம்.

ரொறன்ரோ குமரன்

அண்ணைமார் தூசியோடு போராடுகிறீர்கள், இங்கே எங்களுக்குக் குளிர். இந்த எஞ்சின் பூட்டிய பழைய டாட்ஜ் பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மொடலில் முதன்முதலாக டாட்ஜ் இதைப் போட்டபோது 160 குதிரைத்திறன்தான். 2000களின் நடுவில் அதே 5.9 லிட்டரில் இருந்து 325 எடுத்தார்கள். பழைய எஞ்சின் எவ்வளவு ஆறுதலாக வேலை செய்திருக்கிறது என்பதை இதிலிருந்தே கணக்குப் போடலாம். நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இதில் குளோ பிளக் இல்லை. காற்று உள்ளே போகும் வழியில் கம்பி ஹீட்டர் ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பி, விளக்கு அணையும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மைனஸ் 20க்குக் கீழே போகும் இரவுகளில் பிளாக் ஹீட்டரின் வயரையும் வீட்டு மின்சாரத்தில் செருகிவிடுவேன். ஒன்ராறியோ வீதிகளில் பனிக்காலத்தில் உப்புப் போடுவதால் வண்டியின் கதவுகளும் சேஸியும் துருப்பிடித்து உதிர்கின்றன. எஞ்சின் அப்படியே இருக்கிறது. இப்படி உடல் போன வண்டிகளில் இருந்து எஞ்சினை மட்டும் தேடி வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

பெருமை மட்டும் பேசக்கூடாது. இங்கே எல்லா மெக்கானிக்கும் அறிந்த குறை ஒன்று இருக்கிறது. முன்பக்க கியர் ஹவுசிங்கைப் பிளாக்கில் சரியான இடத்தில் பொருத்த ஒரு சிறு எஃகு டவல் பின் வைத்திருக்கிறார்கள். பழைய 12 வால்வு எஞ்சின்களில் அதிர்ந்து அதிர்ந்து அது வெளியே நகர்ந்து வரலாம். டைமிங் பல்சக்கரத்துக்குள் விழுந்தால் ஹவுசிங் உடைவது வரை போகும். அதற்கு 'கொலைகாரப் பின்' என்றே பெயர். முன்மூடியைக் கழற்றி, பக்கத்து போல்ட்டின் அடியில் ஒரு தகட்டை வைத்துப் பின்னை மறித்துவிட்டால் பயமில்லை. சில காசு விலையுள்ள தகடு. பிற்பாடு வந்த 24 வால்வு எஞ்சினில் '53' என்ற எண் வார்த்த பிளாக்குகள் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. அவை உங்கள் லாரிகளில் இருக்காது என்று நினைக்கிறேன்.

திம்பம் டிரைவர்

பட்டறைக்காரர்கள் நிறையப் பேசிவிட்டீர்கள். ஸ்டியரிங் பிடித்தவன் ஒன்று சொல்கிறேன்.

இந்த எஞ்சினின் பலம் கீழ்ச்சுற்றில் இருக்கிறது. 1500, 1600 ஆர்.பி.எம்.மில் இழுப்பதைவிட 2500இல் அதிகம் இழுக்காது, சத்தம்தான் போடும். சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பெரிய கியரிலேயே உறும விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரும்புகைதான் வரும், வேகம் வராது. எரியாத டீசலும் எக்ஸாஸ்ட் சூடும் டர்போவைத் தின்னும்.

மேலே ஏறி டீக்கடையைப் பார்த்தவுடன் சாவியைத் திருப்பி இறங்கிவிடுகிறார்கள். டர்போ அப்போதும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றதால் ஆயில் வராது. உள்ளே நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகிவிடும். மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டீ ஆறிப்போகாது.

குமாரபாளையம் மணி

எல்லாம் சரி, தெர்மோஸ்டாட் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? எங்கள் மெக்கானிக் எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார். தண்ணீர் தாராளமாக ஓடும், வண்டி சூடாகாது.

சங்ககிரி லாரிக்காரர்

மணி தம்பி, உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் காட்டுங்கள். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. 83 டிகிரி அளவில் திறக்க ஆரம்பித்து ரேடியேட்டருக்கு வழி விடும். திறக்கும்போதே பக்கத்தில் உள்ள பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்குச் சுலபமான வழி அதுதான், ரேடியேட்டர் பக்கம் போகாமல் பம்புக்கே திரும்பிவிடும். லோடு ஏற்றி மேடு ஏறினால் வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகும். கம்மின்ஸ் கையேட்டிலேயே தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டாதே என்று எச்சரிக்கை இருக்கிறது. வெறும் ஓட்டத்தில் நேர்மாறாக எஞ்சின் சூடே ஏறாமல் கிடந்து ரிங் தேயும். போர்வெல் தண்ணீரை ஊற்றுவதையும் விடச் சொல்லுங்கள், உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய் அடைத்துவிடும்.

புனே லைன்

எல்லோரும் பழைய பாட்டே பாடுகிறீர்கள். நான் ஓட்டுவது பி.எஸ்.-6 புகை விதிப்படி வந்த வண்டி. 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்று நாடு முழுக்க வந்த பிறகு எஞ்சின் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் சொல்படி டீசல் தெளிக்கும் காமன் ரெயில், புகைவடிகட்டி, புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா எல்லாம் வந்தாயிற்று. உங்கள் 5.9 கக்கிய புகையை அதற்குப் பின்னால் பைக்கில் போனவனிடம் கேளுங்கள். மைலேஜும் எனக்கு நன்றாகக் கிடைக்கிறது.

ஒத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. ரோட்டோரக் கடையில் மலிவாகக் கிடைத்த யூரியா கரைசலை ஊற்றினேன். அது 32.5 சதவீதம் இருக்க வேண்டும், அதில் என்ன கலந்திருந்தார்களோ! விளக்கு எரிந்தது, இழுவை பாதியானது. எஞ்சினுக்குள் ஒரு குறையும் இல்லாமல் சாலையோரம் நின்றேன். ஸ்கேனர் கொண்டுவந்து பார்க்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய வண்டி என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து டீசல் குழாயில் சிக்கிய காற்றை நாமே வெளியே எடுத்துக் கிளப்பியிருப்போம்.

குமாரபாளையம் மணி

நன்றி அண்ணா, மெக்கானிக்கிடம் காட்டினேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் புது தெர்மோஸ்டாட் வாங்கி வரச் சொல்லிவிட்டார். இன்னொன்று: இதே எஞ்சின் உள்ள பழைய லாரி ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பீளமேடு லேத்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். இலேசாக ஆடினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் ரிங் வேலை இருக்கிறது. ரிக்காரர் சொன்னபடி டர்போ ஹோஸில் விரல் விட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா, கொலைகாரப் பின்னுக்குத் தகடு போட்டார்களா என்று கேளுங்கள். பின் பற்றிக் கேட்டதும் விற்பவர் விழித்தால் போடவில்லை என்று அர்த்தம். எஞ்சின் வேலை பார்த்திருந்தால் லேத் பில் இருக்கும், அதில் போர் அளவு எழுதியிருக்கும். ஸ்டாண்டர்ட் அல்லது 0.50 என்றால் தைரியமாகப் பேசுங்கள். 1.00 என்றால் ஸ்லீவ் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். பில்லே இல்லை என்றால் 1.00 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.