தட்டைக் கூரையில் நிற்கும் மழைநீருக்கு ‘தங்குநீர்’

அனைவருக்கும் வணக்கம்.

மழை விட்டு 48 மணித்தியாலம் ஆகியும் தட்டைக் கூரையில் வடியாமல் நிற்கும் தண்ணீரை ‘நீர்த்தேக்கம்’ என்றே சொல்லலாம் என முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள், ஐயா. திருகோணமலையில் அது சரிவராது. இங்கே நீர்த்தேக்கம் என்றால் கந்தளாய்க் குளம்தான் நினைவுக்கு வரும். அது வேண்டுமென்றே அணை கட்டித் தேக்கியது. கூரையில் நிற்பதோ வாட்டம், அதாவது தண்ணீர் வடிய வைக்கும் சரிவு, பிழைத்ததால் நிற்பது.

‘தங்குநீர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினைத்தொகை என்பதால் தங்கிய, தங்குகின்ற, தங்கும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். கட்டடத் துறைக்கு அது வேண்டும். எங்கே தங்கும் என்று வரைபடத்திலேயே பார்க்க வேண்டியவர் வடிவமைப்பாளர். தங்கிய இடத்தின் கறையைப் பார்த்துக் காரணம் தேடுபவர் திருத்த வருபவர்.

சின்ன விசயமென்று விட்டுவிட முடியாது. ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பாரம் 50 கிலோ. அந்தப் பாரத்தில் தளம் சற்றுத் தொய்யும். தொய்ந்த பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும். கணக்கில் இதை ‘தங்குநீர்ப் பாரம்’ என்று தனியாக எழுதலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பும் அந்த நீரில் கரைந்து, வெடிப்பு வழியே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். டெங்கு நுளம்புக்கும் அந்தத் தண்ணீர் போதும்.

‘தேங்குநீர்’ ஆகாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கசிவு பார்க்க வடிகுழாயை அடைத்து நாங்களே தண்ணீர் கட்டிவைப்பதுண்டு. அதற்கு ‘தேக்குநீர்ச் சோதனை’ நன்றாகப் பொருந்துகிறது. தேங்குநீர், தேக்குநீர் இரண்டும் ஒரே ஆவணத்தில் வந்தால் ஓர் ஒற்றெழுத்துத்தான் வேறுபாடு. வேலைத்தளத்துச் சத்தத்தில் அது காதில் விழாது.

கூடவே, ‘சாய்வு வீதம்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள இடங்களை ‘வாட்டம்’ என்று மாற்றும்படி கேட்கிறேன். மேசன்மார் ஏற்கனவே புழங்கும் சொல்லை விட்டு வேறெங்கே போவது? தட்டைக் கூரைகளுக்கான பிரித்தானிய நியமம் 6229 (BS 6229), கட்டி முடிந்த கூரையில் குறைந்தது 80க்கு 1 வாட்டம் கேட்கிறது. தொய்வும் வேலைப் பிழையும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், வடிவமைக்கும்போதே 40க்கு 1 வைக்கச் சொல்கிறது. அதாவது 4 மீற்றர் தளத்துக்கு 10 சென்ரிமீற்றர்.

கூரைத் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சீமெந்துச் சாந்தைச் சரிவாகப் பூசுகிறோமே, அதற்கு உங்கள் ஊர் மேசன்மார் என்ன சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.