சர்வாதிகாரம் போன பிறகு என்ன ஆனது? நேரில் கேட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்

தொண்டியிலிருந்து:

எங்க அப்பத்தா ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். 1962 மார்ச்சில் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தாத்தாவின் அரிசிக்கடையும் போய், கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பர்மா அரசாங்கம் என்று பேச்செடுத்தாலே அப்பத்தா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வருவார். தொண்டியில், எங்கள் சொந்த வீட்டில், ஐம்பது வருஷம் கழித்தும். "இங்க யாரு கேக்கப் போறா அப்பத்தா?" என்றால் பதில் வராது. தாழ்ப்பாள் விழுந்ததா என்று இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

2015 நவம்பரில் பர்மா தேர்தலில், ராணுவத்தை எதிர்த்து நின்ற ஆங் சான் சூச்சியின் கட்சி ஜெயித்ததை டிவியில் காட்டினார்கள். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற சனம். நான் கைதட்டினேன். அப்பத்தா ஒன்றுதான் கேட்டார்: "பட்டாளத்தாருக எங்க போனாக?"

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. 2008இல் அவர்களே எழுதி வைத்த அரசியல் சட்டத்தில் நாடாளுமன்றத்தின் நாலில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கு. முக்கியமான பிரிவைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். அதாவது அவர்கள் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம், இந்த மூன்று மந்திரிகளும் தளபதி சொல்கிற ஆட்கள். போலீஸ் உள்துறைக்குக் கீழே. அப்படியென்றால் ஓட்டுப் போட்டவன் வீட்டுக் கதவை ராத்திரி தட்டுகிறவன் மாறவே இல்லை. அப்பத்தா கேட்டது அதைத்தான்.

2021 பிப்ரவரி 1 அன்று, புது நாடாளுமன்றம் கூட வேண்டிய காலையில், ராணுவம் மறுபடி ஆட்சியை எடுத்துக்கொண்டது. அந்த வாரம் ரங்கூனிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரப் பெண் போனில் பேசினாள். பின்னால் தட்டும் சட்டியும் அடிக்கிற சத்தம். என்ன சத்தம் என்று நான் கேட்பதற்குள் அப்பத்தா சொன்னார்: "பேய வெரட்டுறாகடா."

அன்றைக்கு வாசல் கதவு திறந்தே கிடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

கீழக்கரையிலிருந்து:

தோஹாவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் துனிசியாக்காரர். 23 வருஷம் ஆண்ட பென் அலி 2011 ஜனவரியில் ஓடிப்போனதும், அக்டோபரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதும் அவர் சொல்லக் கேட்கவேண்டும். நிக்காஹ் நாளைச் சொல்வதுபோலச் சொல்வார். ஆனால் ஊரில் வேலை இல்லாமல்தான் தோஹாவுக்கே வந்தார். 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கிய ராத்திரி, அறையில் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். நான் சண்டைக்கே போய்விட்டேன். "பத்து வருஷமா அவங்களுக்குள்ள அடிச்சிக்கிட்டாங்க. என் தம்பிக்கு வேலை வந்துச்சா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம், பொய்ச்செய்தி பரப்பினால் ஐந்து வருஷம் ஜெயில் என்று ஆணை வந்தது. அதற்கப்புறம் ஊருக்குப் பேசும்போது அரசியல் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்பத்தாவின் கதவைப் படித்ததும் அவர் முகம்தான் வந்தது.

மண்டபம் பக்கத்திலிருந்து:

நம்மூரில் நடந்ததைச் சர்வாதிகாரம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 2016இலிருந்து 2019 கடைசி வரை ஊராட்சித் தேர்தல் இல்லை, தனி அலுவலர்தான். தேர்தல் முடிந்து நான் வார்டு உறுப்பினராக உட்கார்ந்த முதல் கிராம சபையில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஆளுக்கொரு மனுவை நீட்டிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். மூணே வருஷத்தில் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க வயிறு கலங்கியது. பிறகு ஒரு கூட்டத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையை ஓரமாக வைத்துவிட்டு வந்து, "குடிதண்ணிக் கணக்கு நோட்டக் குடுங்க" என்றார். கொடுத்தோம். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார்.