60 பேர் ஆகிவிட்டோம்: பழைய கல்ச்சரில் எதைக் காப்பாற்றுவது?

பீளமேட்டுக்காரன் கேட்டது:

வணக்கம்ங்க. கோவையில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கும் நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது) யூனிட்டுகளுக்கான சாஃப்ட்வேர். எந்த ஆர்டருக்கு எவ்வளவு நூல் போனது, எந்த டையிங்கில் எத்தனை கிலோ துணி நிற்கிறது, சலான் (சரக்கோடு போகும் சீட்டு) திரும்பி வந்ததா, ஜாப் ஒர்க் பில் எவ்வளவு என்பதையெல்லாம் முதலாளி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியில் தொடங்கினோம். சப்போர்ட் போன் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். கோட் எழுதியவரே டையிங் மேனேஜரிடம் திட்டு வாங்கி, அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்தும் கொடுப்பார். எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தனியாக மீட்டிங் போட்டதில்லை. மதியம் சாப்பிடும்போதே முடிவாகிவிடும்.

இப்போது 60 பேர், இரண்டு தளம். கீழே சேல்ஸும் சப்போர்ட்டும், மேலே டெவலப்மெண்ட். போன மாதம் சேல்ஸில் ஒருவர், எங்களிடம் இல்லாத ஒரு வசதியை தீபாவளிக்குள் தருவதாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு மெயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்டபோதுதான் மேல்தளத்துக்கே விஷயம் தெரியும். பழைய ஆட்கள் "முன்னாடி இப்படி இல்லையே" என்கிறார்கள். புதியவர்கள் "இங்கே யாரைக் கேட்டு முடிவெடுப்பதென்றே புரியவில்லை" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

எச்.ஆர். ஹெட் ஒருவரைப் போடுங்கள், கம்பெனி வேல்யூஸ் எழுதிச் சுவரில் மாட்டுங்கள் என்று முதலீட்டாளர் தரப்பில் சொல்கிறார்கள். ஆட்கள் கூடக்கூட கல்ச்சர் கரைந்துதான் போகுமா? எதைப் பிடித்துவைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? இந்தக் கட்டத்தைத் தாண்டிய கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

எச்.ஆர். ஹெட்டுக்கு முன்னால் சம்பளப் பட்டியலைப் பாருங்கள் சார். புதிதாக வந்தவர்களுக்கு மார்க்கெட் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். முதலில் வந்தவர்கள் பழைய சம்பளத்தின் மேல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருப்பார்கள். இது வெளியே தெரியாமல் இருக்காது. "முன்னாடி இப்படி இல்லையே" என்ற பேச்சில் பாதி இதனால் வருவதாக இருக்கலாம். அடுத்த அப்ரைசலுக்குக் காத்திருக்காமல் சரிசெய்யுங்கள்.

தரமணி அக்கா:

தம்பி, சென்னையில் டெஸ்டராகச் சேர்ந்து, அப்புறம் ஆள் எடுப்பது, டீம் பிரிப்பது என்று வளரும் கம்பெனிகளிலேயே இருந்துவிட்டேன். ஆட்கள் கூடினால் கல்ச்சர் கரைந்தே தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. முதல் பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தே கற்றுக்கொண்டதை, நாற்பதாவது ஆளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர் முந்தைய கம்பெனியில் பழகியதைக் கொண்டுவருகிறார். உங்கள் சேல்ஸ்காரர் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இதை உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பாரனும் மைக்கேல் ஹன்னனும். 1990களின் நடுவில் தொடங்கி, சிலிக்கான் வேலியில் கிட்டத்தட்ட 200 இளம் டெக் கம்பெனிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆட்கள் எதற்காக உங்களிடம் இருக்க வேண்டும், எதைப் பார்த்து அவர்களை எடுத்தீர்கள், வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று ஃபவுண்டர்களிடம் கேட்டார்கள். பதில்கள் ஐந்து வகையாகப் பிரிந்தன. பெரிய திறமைசாலிகளைப் பிடித்து அவர்கள் போக்கில் விடுபவர்கள், சவாலான வேலையைக் காட்டி இன்ஜினியர்களை இழுப்பவர்கள், நீண்டநாள் பிணைப்பை நம்பி ஒத்துப்போகிறவர்களாக எடுப்பவர்கள், விதிமுறைப்படி நடத்துபவர்கள், பக்கத்தில் நின்று ஏவுபவர்கள்.

பிணைப்பை நம்பிய கம்பெனிகள் தோற்றுப்போனது மிகக் குறைவு. பங்குச் சந்தைக்கும் சீக்கிரம் போனார்கள். பின்னாளில் மேற்பார்வைக்கும் நிர்வாகத்துக்கும் தனியாக ஆள் வைப்பதும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதைவிட உங்களுக்கு முக்கியமான முடிவு ஒன்று உண்டு: பாதி வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய கம்பெனிகளில் ஆட்கள் அதிகமாக வெளியேறினார்கள், அதிலும் பழைய ஆட்கள். புதிய எச்.ஆர். ஹெட் தன் பழைய கம்பெனியின் ஃபைலை அப்படியே கொண்டுவந்து வைத்தால், "முன்னாடி இப்படி இல்லையே" என்பவர்கள்தான் முதலில் பேப்பர் போடுவார்கள்.

எந்த வகை நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நம் சென்னையையே பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோ, வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை எடுத்து, மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து, தானே சொல்லிக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் திறந்தது. அதே ஸோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், 2010-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கியபோது வென்ச்சர் கேப்பிடல், அதாவது வளரும் கம்பெனிகளில் பங்குக்குப் பணம் போடுபவர்களின் முதலீடு, வாங்கினார். ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தார். 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிட்டபோது இந்தியாவில் 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஒரே ஊர், ஒரே கம்பெனியிலிருந்து கிளம்பியவர், பாதை மட்டும் வேறு. இரண்டிலும் சேரப்போகிற ஆளுக்கு என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

காசு செலவாகும்போது எடுக்கும் முடிவைப் பார்த்துத்தான் ஊழியர்கள் கம்பெனியை எடைபோடுவார்கள். 1970-ல் ஆர்டர் குறைந்தபோது அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனி பத்தில் ஒருவரை அனுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை எல்லோரும் 10 சதவீதம் சம்பளக் குறைப்பு ஏற்று, இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைநாளைக் குறைத்துக்கொண்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் நேர் எதிர். 2009-ல் வெளியிட்ட ஸ்லைடுகளில் "நாங்கள் குடும்பம் இல்லை, ஒரு அணி" என்றே சொன்னார்கள். சுமாராக வேலை செய்பவருக்கு நல்ல தொகை கொடுத்து அனுப்பிவிடுவோம் என்றும் எழுதினார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் சேருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்களே, அதை மதிக்கிறேன்.

மோசமானது, சுவரில் ஒன்று இருந்து நடப்பது வேறாக இருப்பது. ஊபரில் 14 வேல்யூஸ் வைத்திருந்தார்கள். 2017 பிப்ரவரியில் சூசன் ஃபவுலர் என்ற இன்ஜினியர் தனக்கு நேர்ந்ததை எழுதினார். மேனேஜர்மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தபோது, அவர் நன்றாக வேலை செய்பவர் என்று எச்.ஆரே காரணம் சொன்னதாம். ஜூனில் ஊபரின் தலைவர் டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். நவம்பரில் புதிய தலைவர் அந்தப் பட்டியலையே மாற்றி எழுதினார். நன்றாக விற்பவர், நன்றாகக் கோட் எழுதுபவர் என்பதற்காக எதை மன்னிக்கிறீர்களோ, அதைத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

சரி, உங்கள் விஷயம். டெவலப்பர் நேரில் திட்டு வாங்கியதுதான் இத்தனை நாள் உங்கள் தரக்கட்டுப்பாடு. அதை விடாதீர்கள். மேல்தளத்தில் ஒவ்வொருவரும் முறைவைத்து சப்போர்ட் போனில் உட்காரட்டும். புதிதாகச் சேருபவர் எந்த வேலைக்கு வந்தாலும் முதல் வாரத்தில் ஒரு டையிங் யூனிட்டில் நின்று சலான் போடுவதைப் பார்த்துவிட்டு வரட்டும். சாப்பாட்டு மேசை முடிவுகளை விட்டுவிடுங்கள், 60 பேருக்கு அந்த மேசை போதாது. கடைசியாக ஒன்று: அந்த ஆர்டருக்கு அந்த சேல்ஸ்காரருக்கு இன்சென்டிவ் போகிறதா?

பீளமேட்டுக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா. இன்சென்டிவ் இந்த மாதச் சம்பளத்தோடு போக வேண்டும். பெரிய ஆர்டர். அவர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, முந்தைய இடத்தில் அப்படித்தான் விற்பார்களாம். நல்ல மனிதர், அவரைத் தண்டிக்க எங்களில் யாருக்கும் மனம் இல்லை. கொடுத்தால் கீழ்த்தளம் முழுக்க அதே வழியில் போகுமே என்ற பயமும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை சார் சொன்னதும் நடக்கிறதுதான். பட்டியலை எடுத்துவிட்டோம்.

37வது ஆள்:

பேரிலேயே தெரியும், நான் ஒரு ஸ்டார்ட்அப்பில் நடுவில் சேர்ந்தவன். அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. "ஒத்துப்போகிறவர்களாக எடுப்பது" என்ற இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நம்மூரில் அது எப்படி முடியும் என்று பார்த்தவன் நான். ரெஃபரலிலேயே எடுத்தார்கள். ஒரே கல்லூரி, ஒரே ஊர்ப்பக்கம், கடைசியில் பெரும்பாலும் ஒரே சாதி. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆளாளுக்குத் தெரிந்தவரைக் கூட்டிவந்தார்கள், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த எங்களுக்கு எந்த விதியும் எட்டாது. ஆரம்ப ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு முடிவாகியிருக்கும், காலையில் அதைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்பேன். குடும்பத்தில் நான் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அண்ணா, உங்கள் புதியவர்கள் "யாரைக் கேட்பது" என்று கேட்கிறார்கள் இல்லையா, அதை ரொம்ப முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இன்னும் வாய்விட்டுக் கேட்கிறார்கள். நாங்கள் சில மாதத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டோம், அப்புறம் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டோம். ஃபவுண்டர்கள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தால், அங்கே முடிவானதை அடுத்த நாளே எல்லோரும் பார்க்கும் இடத்தில் நாலு வரி எழுதிப் போடுங்கள்: என்ன முடிவு, ஏன், யார் பொறுப்பு.

தரமணி அக்கா:

37வது ஆள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த ஆராய்ச்சி நடந்தது சிலிக்கான் வேலியில். இங்கே ஒத்துப்போவது என்று சொன்னால் சொந்தபந்தமாகத்தான் முடியும். அதனால் இன்டர்வியூவில் "நம்மாளா" என்று பார்க்காமல், வேலையை வைத்துப் பாருங்கள். கோபத்தில் இருக்கும் ஒரு டையிங் மேனேஜரின் போனை எடுத்துப் பேசவைத்துப் பாருங்கள். உங்கள் கம்பெனிக்கு ஒத்துப்போகிற ஆள் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் எந்த ஊராக இருந்தால் என்ன?

தம்பி, இன்சென்டிவை இந்த முறை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். விதி இல்லாத காலத்தில் செய்ததற்குப் பிடித்தம் செய்தால், கீழ்த்தளம் உங்களை நம்பாது. ஆனால் அடுத்த மாதம் முதல், இல்லாத வசதியை வாக்குக் கொடுத்த ஆர்டருக்கு, அந்த வசதி வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் இன்சென்டிவ் என்று எழுத்தில் கொடுங்கள். வாக்குக் கொடுக்கும் முன் மேல்தளத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு பெயரும் அதில் இருக்கட்டும். அந்த ஆள் ஃபவுண்டராக இருக்கக்கூடாது, நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் முடிவு நடக்க வேண்டும். தீபாவளி வேலையை அந்த சேல்ஸ்காரரும் டெவலப்பர்களும் சேர்ந்து அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கே போய் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும்.

எச்.ஆர். ஆள் எடுப்பது இதெல்லாம் நடந்த பிறகு. முதல் மாதம் அவரையும் சப்போர்ட் போனில் உட்காரவையுங்கள்.

37வது ஆள்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். டையிங் யூனிட்டுகள் ராத்திரி ஷிப்ட்டிலும் ஓடும், போனும் அப்போது வரும். எல்லோருக்கும் சப்போர்ட் முறை என்று வைத்தால், ராத்திரி முறைக்கு அடுத்த நாள் லீவ் என்பதையும் அதே பேப்பரில் எழுதிவிடுங்கள். சின்னக் குழந்தை உள்ளவர்கள் பகல் முறை கேட்டால், அப்ரைசலில் அதைக் குறையாகப் பார்க்கக்கூடாது என்பதையும் எழுதுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இதை எழுதாமல் விட்டார்கள். ஒரே வருஷத்தில் டெவலப்மெண்ட் டீமில் இருந்த பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.